வடசென்னையில் இன்னும் ஒரு மாடி ஏற்றலாமா?

"ஏற்கெனவே மூச்சு முட்டுது. இதுக்கு மேல இங்க யாரைக் கொண்டாந்து வெப்பாங்க?" புதிய அடுக்குமாடிகள் வரப்போகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் காதில் விழும் கேள்வி இது. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை முதலமைச்சர் தங்கசாலையில் தொடங்கிவைத்தபோதும் கேட்டேன். சென்னைப் பெருநகரின் மூன்றாவது மாஸ்டர் பிளான் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இப்போதும் கேட்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் பதில் ஒன்றே: இன்னும் மாடி ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். எந்த இடத்தில், யாருக்காக, எப்படி என்பதில்தான் என் சண்டை முழுவதும்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லைன் வீட்டில். நடுவில் நீளமான சந்து, இரண்டு பக்கமும் ஓர் அறை ஒரு அடுப்படி கொண்ட வீடுகள், கோடியில் ஒரே குழாய், அதற்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை. யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லோருக்கும் தெரியும். இரவில் ஆண்கள் எல்லோரும் சந்திலோ மொட்டை மாடியிலோதான் படுப்பார்கள், ஏனென்றால் உள்ளே இடம் கிடையாது. இங்கே பிறந்தவர்களுக்கு நெருங்கி வாழ்வது புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். அது முழு நகரத்தின் சராசரி. போட் கிளப்பின் பங்களாக்களையும் கிண்டிக் காட்டையும் சேர்த்துப் போட்ட சராசரி. காசிமேட்டையோ கொருக்குப்பேட்டையையோ தனியாக எடுத்துப் பார்த்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கு கூடினால் பேருந்து நிறைய வரும், மெட்ரோ லாபத்தில் ஓடும், கடை கண்ணி பிழைக்கும், பள்ளிக்கூடம் நடை தூரத்தில் இருக்கும். இரண்டாவது கணக்கு கூடினால் காசநோய் வரும், வயசுக்கு வந்த பெண் துணி மாற்ற இடமிருக்காது, பத்தாம் வகுப்புப் பையன் தெருவிளக்கின் கீழே படிப்பான். வடசென்னையின் துயரம் இரண்டாவது கணக்கில் இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டுமென்றால் அதே மண்ணில் தளத்தின் பரப்பைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேறு வழி என்று அரசாங்கம் இருபத்தைந்து வருடமாக ஒன்றைச் செய்து பார்த்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மக்கள்தொகை பெருகுகிறது என்றவுடன் சென்ட்ரலில் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெருக்கம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தண்டையார்பேட்டையில் போர்டு வீட்டில் இருக்கும் என் பெரியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள், மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஒருவன் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போய்விட்டான். இரண்டு பேர் குடும்பத்தோடு பெரியம்மா வீட்டிலேயே. "ஆர்டர்ல எம் பேரு மட்டும்தான் கீது. நான் போய்ட்டா இதுங்களுக்கு எது?" என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேட்பார். 'ஆர்டர்' என்று அவர் சொல்வது ஒதுக்கீட்டு ஆணையை. ஒரு தாள், ஒரு பெயர், ஒரு வீடு. உள்ளே மூன்று அடுப்பு.

இந்தப் போர்டு வீடுகளின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. மறு வருடம், 1971இல், குடிசைப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் வந்தது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே தரைத்தளமும் மூன்று மாடியுமாகக் கல் கட்டிடம் எழுப்புவது என்பதுதான் வாரியத்தின் ஆரம்பகாலக் கொள்கை. மழையில் ஒழுகிய, கோடையில் தீப்பற்றிய ஓலைக் குடிசைகள் இருந்த இடத்திலேயே சிமெண்ட் கூரை. வீடு என்னவோ 230 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் மீன் விற்கிறவள் மீன் வாங்கும் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர் நடந்தே போனார். அந்த முடிவின் அருமை இப்போதுதான் நமக்குத் தெரிகிறது. அந்த வாரியம்தான் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எங்கள் ஊர் வாயில் இன்றும் அது 'ஸ்லம் போர்டு'தான்.

பிறகு போக்கு மாறியது. எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு மனை பிரித்துக் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. நம் பக்கத்தில் கொடுங்கையூர் அப்படி வளர்ந்ததுதான். அதைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பிழை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடியில், அரசுக்குச் சும்மா கிடைத்த சதுப்பு நிலத்து ஓரங்களில், ஆயிரக்கணக்கான வீடுகளை வரிசையாகக் கட்டி, ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரம் வீடுகளைத் தொடும் அளவுக்குக் கட்டினார்கள். ராயபுரத்திலிருந்து அங்கே போக முப்பது கிலோமீட்டரை ஒட்டி வரும்.

காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். படகு வந்து சேரும் நேரத்துக்குக் கூடையோடு நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு எந்தப் பேருந்து வரும்? ஷேர் ஆட்டோவுக்கும் குட்டியானைக்கும் கொடுத்தது போக மீனில் என்ன மிஞ்சும்? இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தாலே மீன்பிடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தைக்கூட அவ்வளவு தூரம் அனுப்பும் யோசனை யாருக்கும் வந்திருக்காது. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு எர்ணாவூர்ப் பக்கம் வீடு கிடைத்தது. அது பெரும்பாக்கத்தைவிடப் பல மடங்கு மேல். இருந்தாலும் கரையிலிருந்து வந்தவர்கள் இன்னமும் வேலைக்குக் காசிமேட்டுக்கே வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டை மாற்றலாம், கடலை மாற்ற முடியாது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை, எம்.சி. ரோடு துணிக்கடைகள், தியாகராயா கல்லூரி, 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன். இவ்வளவும் இருக்கும் இடத்தில் வாழும் ஏழைகளை, ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வருடக்கணக்கில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய இடத்துக்கு அனுப்புவது வளர்ச்சி ஆகாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ திறந்தார்கள். நாங்கள் எவ்வளவு காலம் காத்திருந்த ரயில் அது! புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று டி.எச். ரோடு எனப்படும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. இவ்வளவு செலவில் ரயில் விட்ட பாதையின் இரண்டு பக்கமும் யார் வாழ வேண்டும்? ஏற்கெனவே அங்கே வாழ்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தானே?

இடமே இல்லையே என்பார்கள். டி.எச். ரோட்டில் ஒரு முறை மெட்ரோவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒற்றைத் தளக் குடோன்கள், பாதி காலியான தொழிற்சாலை வளாகங்கள், கன்டெய்னர் அடுக்கிவைத்த யார்டுகள், செடி முளைத்த பழைய குவார்ட்டர்ஸ்கள். துறைமுகமும் ரயில்வேயும் வைத்திருக்கும் நிலம் எவ்வளவு என்று ராயபுரம் யார்டின் ஓரமாக நடந்து பார்த்தாலே தெரியும். பெரம்பூரில் பின்னி ஆலை, நம் பாட்டன்மார் 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பி அண்ட் சி மில், 1996இல் மூடியது. இன்று அந்த நிலத்தில் வானுயர்ந்த அடுக்குமாடிகள். அவற்றில் ஒரு வீட்டின் விலையைக் கேட்டால் ஆலைத் தொழிலாளியின் பேரனுக்குத் தலை சுற்றும். வடசென்னையில் மாடி ஏற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. யாருக்காக ஏறுகிறது என்பதற்கும் அதுவே சாட்சி. அடுத்து எந்த ஆலை நிலம் வீடாக மாறினாலும் அதில் குறிப்பிட்ட பங்கு எளியவர்களுக்கென்று சட்டத்திலேயே கட்டாயமாக இருக்க வேண்டும், அதுவும் அதே வளாகத்தில். வேறெங்கோ காட்டில் நாலு வீடு கட்டிக் கணக்குக் காட்டுவதை ஏற்கக்கூடாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. இதுதான் இந்தப் பதிவில் நான் முக்கியமாக நினைப்பது.

பழைய போர்டு கட்டிடத்தில் நான்கு தளம். ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 230 சதுர அடி. இப்போது இடித்துக் கட்டும்போது ஒரு வீடு 400 சதுர அடியைத் தொட வேண்டும். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, உள்ளேயே குளியலறை, கழிப்பறை. மனிதர்கள் வாழ அதற்குக் குறைந்தால் முடியாது. அதே அஸ்திவாரப் பரப்பில் அதே எண்ணிக்கைக் குடும்பங்களை 400 அடி வீட்டில் வைக்க எத்தனை தளம் வேண்டும்? 400ஐ 230ஆல் வகுத்து நாலால் பெருக்குங்கள். ஏழு வரும். ஒரு புதுக் குடும்பத்தைக்கூடச் சேர்க்காமல், பழைய பாக்கியைத் தீர்க்கவே ஏழு தளம். லிப்ட், தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி, பக்க இடைவெளி எல்லாம் விட்டால் கட்டிடத்தின் அடிப்பரப்பு இன்னும் சுருங்கும், தளம் இன்னும் ஏறும். ஒன்பது, பத்து மாடி என்று கேட்டவுடன் "இத்தனை பேரைக் கொண்டுவந்து கொட்டப்போறாங்க" என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உயரம் கூடுவதில் பெரும்பகுதி, இருப்பவர்கள் கொஞ்சம் காலை நீட்டிப் படுப்பதற்கே போய்விடும்.

கூடவே இன்னொன்று. மறுகட்டுமானத்தில் பொதுவாக ஒரு ஒதுக்கீட்டுக்கு ஒரு வீடு என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அப்படியென்றால் பெரியம்மாவின் இரண்டு மகன்களும் புதுக் கட்டிடத்திலும் ஒரே வீட்டில்தான். 230 அடியில் மூன்று குடும்பம் இருந்தது, 400 அடியில் மூன்று குடும்பம் இருக்கும். பத்து வருடத்தில் அங்கேயும் பால்கனியை அடைத்து அறையாக்குவார்கள், வராந்தாவில் அடுப்பு வைப்பார்கள், பிறகு "இந்த ஜனங்களுக்குக் கட்டிக் கொடுத்தாலும் பாழ் பண்ணிடுவாங்க" என்று யாராவது சொல்வார்கள். தாளில் இருக்கும் பெயரை எண்ணாமல் வீட்டில் எரியும் அடுப்பை எண்ணினால்தான் எத்தனை வீடு வேண்டும் என்பது தெரியும். மூன்றாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்குமான திட்டம் என்கிறார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிடுவதற்கு முன்னால் இன்றைக்கு எத்தனை குடும்பம் இருக்கிறது என்று சரியாக எண்ணட்டும்.

இடிக்காமல் விட முடியுமா என்றால் அதுவும் முடியாது. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் அடுக்குமாடி ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. 24 வீடுகள். முந்தைய இரவே விரிசலைப் பார்த்து உஷாரானதால் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், உயிர் யாருக்கும் போகவில்லை. தொலைக்காட்சியில் அந்தத் தூசியைப் பார்த்தபோது வடசென்னையில் போர்டு வீட்டில் சொந்தம் இருக்கிற ஒவ்வொருவரும் போனை எடுத்திருப்பார்கள். தொண்ணூறுகளில் கட்டிய கட்டிடம் அது. முப்பது வருடம்கூட நிற்கவில்லை. கடல் காற்று, உப்புத் தண்ணீர், துருப்பிடித்த கம்பி, கசியும் குழாயைக் கவனிக்க ஆளில்லாத நிலை எல்லாம் சேர்ந்தால் கட்டிடம் எவ்வளவு சீக்கிரம் கிழடாகும் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அதே 2021இல் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க். இருந்த இடத்திலேயே உயரமாகக் கட்டிய, நான் கேட்கிற மாதிரியான திட்டம்தான் அது. குடிவந்த கொஞ்ச நாளில் சுவரைக் கையால் தொட்டால் பூச்சு உதிர்கிறது என்று காணொளிகள் பரவின. சட்டமன்றம் வரைக்கும் போனது. ஐஐடி நிபுணர்களைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். இருந்த இடத்திலேயே உயரமாகக் கட்டுங்கள் என்று கேட்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் காணொளிகள் பெரிய அடி. கொள்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, சிமெண்டும் மணலும் சரியாக இருக்க வேண்டும், வேலை நடக்கும்போதே வெளியாள் வந்து சோதிக்க வேண்டும். குடிவந்த பிறகு ஆய்வு செய்து என்ன பயன்? ஒவ்வொரு தளம் முடிந்ததும் குடியிருக்கப்போகிறவர்களில் நான்கு பேர் உள்ளே போய்ப் பார்க்க உரிமை இருந்தால், எங்கள் ஏரியாவில் கொத்தனாரும் கம்பி வளைப்பவரும் பிளம்பரும் இல்லாத தெருவே கிடையாது, எந்தச் சுவர் தேறும் எந்தச் சுவர் தேறாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இடித்துக் கட்டும் காலத்தில் எங்கே போவது? இடமாற்றத்துக்கு வாரியம் கொடுக்கும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் வேலை இரண்டு வருடம் இழுத்தால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குக் காசிமேட்டில் கட்டில் போடும் இடம்கூடக் கிடைக்காது. அட்வான்ஸ் வேறு. அதனால்தான் பலர் தொலைவில் மணலி புதுநகர், மீஞ்சூர் என்று போய்விடுகிறார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்புகிறார்களா என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? வீடு ரெடியானதும் பயனாளி பங்குத் தொகை என்று ஒன்று கேட்கிறார்கள். கையில் காசில்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார், அல்லது வீட்டை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டு ஒதுங்குகிறார். இப்படித்தான் சத்தமே இல்லாமல் ஒரு தெருவின் மனிதர்கள் மாறிப்போகிறார்கள்.

தனியார் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னை முழுக்கப் போர்டு வீடு இல்லை. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி சாதாரணக் கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை இருந்தால் 4,800 சதுர அடி கட்டலாம் என்று அர்த்தம். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டிடம், அதற்கு 3.25 வரை, அகலமான சாலையாக இருந்தால் பணம் கட்டிக் கூடுதலும் வாங்கலாம். எல்லாமே சாலை அகலத்தைப் பார்த்துத்தான். பணம் படைத்த கட்டுமான நிறுவனத்துக்கு டி.எச். ரோட்டில் வாசல் இருக்கும். அரை கிரவுண்டில் அப்பா கட்டிய வீட்டை நான்கு அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்டு, இருபது அடிகூட இல்லாத தெருவில் இருப்பவனுக்கு அந்த விதிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் அனுமதி இல்லாமலே மூன்றாவது மாடி எடுக்கிறான். வடசென்னையில் வாடகை வீடு இன்னும் ஓரளவு கட்டுப்படியாவது இவர்கள் எடுத்த மாடிகளால்தான். அதை விதிமீறல் என்று நோட்டீஸ் ஒட்டுவதோடு நிறுத்தாமல், பத்து மனைக்காரர்கள் சேர்ந்து சுவரை இடித்து ஒன்றாகக் கட்டினால் தெருவை அகலப்படுத்திக் கொடுத்துக் கூடுதல் தளமும் கொடுக்கிறோம் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ முன்வந்தால், கடனுக்கு வங்கியையும் கையோடு கூட்டிவந்தால், எத்தனையோ தெருக்கள் தாமாகவே மாறும்.

திருவொற்றியூரில் இன்னொரு சிக்கல். தியாகராஜ சுவாமி கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் காலங்காலமாக வீடு கட்டி இருப்பவர்கள் ஏராளம். பட்டா கிடையாது, அதனால் பிளான் அப்ரூவல் கிடையாது, வங்கிக் கடன் கிடையாது. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றைத் தளமாகவே அந்த வீடுகள் நிற்கின்றன. நிலம் கோயிலுடையதாகவே இருக்கட்டும். நீண்ட காலக் குத்தகை கொடுத்து, மேலே கட்ட அனுமதி கொடுத்தால் கோயிலுக்கும் வருமானம், குடிகளுக்கும் வீடு. இதைப் பேச அறநிலையத் துறையும் வீட்டுவசதித் துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

இனி எண்ணூர். ராயபுரம் முதல் விம்கோ நகர் வரை மாடி ஏற்று என்று சொல்லும் நான், எண்ணூரிலும் மணலியைச் சுற்றியும் ஏற்றாதே என்பேன். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தது. அதே மாதக் கடைசியில், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்த இரவில் அங்கே பத்து மாடிக் கட்டிடங்கள் இருந்திருந்தால், லிப்ட் நின்றிருந்தால், ஒரே படிக்கட்டில் ஆயிரம் பேர் இறங்க வேண்டியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆபத்தான ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை முதலில் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டட்டும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் மக்களுக்கு அடுக்குமாடியைவிட ஆறும் கழிமுகமும் அவசரமான தேவை. ஆறு தெளிந்தால் இறால் வரும், இறால் வந்தால் அவர்கள் வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

கடல் அரிப்பும் கூடவே நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டியதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது, வடக்கே கரை கரைந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்லும் தூண்டில் வளைவும் போட்டுத்தான் கரையைப் பிடித்துவைத்திருக்கிறோம். நகரம் முழுமைக்கும் வந்த துறைமுகத்துக்காக வடக்குக் கரை நிலத்தை இழந்தது. அந்தக் கடனை நகரம் இன்னும் அடைக்கவில்லை. மிச்ச நிலத்திலிருந்தும் எங்களைக் கிளப்புவது நியாயமில்லை.

எப்படிக் கட்டுவது என்பதில் பயப்படவும் காரணம் இருக்கிறது. மும்பையில் மான்கூர்ட், கோவண்டிப் பக்கம் குடிசைவாசிகளுக்காகக் கட்டிய அடுக்குமாடிகளில் கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே கையளவு இடைவெளிதான் விட்டார்கள். கீழ்த்தளங்களில் வெயில் படுவதே இல்லை. காற்றும் வெளிச்சமும் குறைந்த வீடுகளில் காசநோய் அதிகமாகத் தாக்குகிறது என்று 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018இல் ஆய்வு வெளியிட்டது. காசநோயை நன்றாக அறிந்த ஊர் நம்முடையது. ஓட்டேரி ஆஸ்பத்திரிக்கு அலையாத குடும்பம் எங்கள் லைனில் குறைவு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரியும் கட்டிடம் எத்தனை மாடி ஆனாலும் நமக்கு வேண்டாம்.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் அதைத்தான் இழுப்பார்கள். அங்கே வீட்டுவசதி வாரியம் தொடங்கியது 1960இல், நம் வாரியத்துக்குப் பத்து வருடம் முன்னால். 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதியில் பெருந்தீ. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதே நிலத்தை அரசு எடுத்து அங்கேயே அடுக்குமாடி எழுப்பத் தொடங்கியது, ஒரு வருடத்துக்குள் அந்த மக்களுக்கு வீடு கிடைத்தது. அந்த ஊரின் அரசியலில் எனக்கு ஆயிரம் மாறுபாடு உண்டு, ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கட்டிய பிறகு விட்டுவிடவில்லை. லிப்டுக்கும் பெயிண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பொறுப்பான ஆள் யார் என்று அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். இங்கே பெரும்பாக்கத்தில் லிப்ட் நின்றுபோய் முதியவர்கள் மேல்மாடியில் சிக்கிக்கொள்வதைப் பற்றி எத்தனை செய்திகள் படித்திருப்போம். மூன்று மாடிக் கட்டிடத்தில் பராமரிப்பு இல்லாவிட்டால் கால் வலிக்கும். ஒன்பது மாடியில் பராமரிப்பு இல்லாவிட்டால் தண்ணீர்க் குடத்தோடு ஒரு கிழவி வாழவே முடியாது. லிப்டைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் குறைந்தது பதினைந்து வருடத்துக்கு, வீடு கட்டும் செலவோடு சேர்த்தே டெண்டரில் வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் கடைகள் கட்டி அந்த வாடகையைப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம்.

கீழ்த்தளம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இட்லிக் கடை, இஸ்திரி வண்டி, வலை பின்னும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், மீன்பாடி வண்டி நிறுத்தும் இடம். இதெல்லாம் கட்டிட வரைபடத்தில் இருக்க வேண்டும். இப்போது வரைபடத்தில் கார் பார்க்கிங் இருக்கிறது. தொழில் செய்யும் இடத்தைப் பறித்துவிட்டு வீடு கொடுத்தால் அந்த வீட்டுக்கு மாதச் செலவு செய்ய எங்கிருந்து பணம் வரும்?

2021இல் மறுகுடியமர்வுக்கென்று அரசு ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அதில் இருந்த நல்ல வரிகள் நடைமுறைக்கு வர வேண்டுமென்றால் கேட்கிறவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் போர்டு குடியிருப்பில் இருக்கும் என் மக்களுக்கு, அக்காமார்களுக்கு, தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிளாக்கை இடிக்கப்போவதாகச் சொல்லி ஆட்கள் கணக்கெடுக்க வந்தால் ஒதுக்கீட்டு ஆணை, மாதத் தவணை கட்டிய ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். கல்யாணமான பிள்ளைகளைத் தனிக் குடும்பமாக எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புதுக் கட்டிடம் எத்தனை மாடி, வீடு எத்தனை சதுர அடி, பங்குத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பலாம் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் கைக்கு வராமல் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்.